"இங்கே ஒண்ணுமில்லை" என்ற சொல்லும் டிவி தலைப்பும்: வளைகுடாப் பயணத்தை எப்படி முடிவு செய்வது?

2025 ஜூலை முதல் வாரத்தில் பாலக்காடு மாவட்டத்தில் நிபா தொற்று உறுதியானது. வாளையாறு சோதனைச் சாவடியில் தமிழ்நாடு சுகாதாரத் துறை காய்ச்சல் பரிசோதனை தொடங்கியது. அதே மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து ஒரே கேள்வியோடு அழைப்புகள் வந்தன: லீவுக்கு வரலாமா, குழந்தைகளை அழைத்து வரலாமா? வீட்டிலிருந்து போன பதிலும் ஒன்றுதான்: "அது மண்ணார்க்காடு தாண்டி, நாட்டுகல் பக்கம். இங்கே ஒண்ணுமில்லை."

அதற்கு இரண்டு வாரம்கூட முந்தாத ஜூன் 23 இரவில் இதே பேச்சு எதிர்த்திசையில் நடந்தது. கத்தாரின் அல் உதெய்த் விமானப்படைத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. ஊரில் டிவி பார்த்தவர்கள் தோஹாவுக்குப் பதறி அழைத்தார்கள். "சத்தம் கேட்டது, தளம் இங்கிருந்து 35 கிலோமீட்டர், இங்கே ஒண்ணுமில்லை" என்று அங்கிருந்து பதில் வந்தது.

இரண்டு பதிலும் உண்மை. ஆனால் அந்த இரவில் கத்தார் தன் வான்வெளியை மூடியது; அமீரகம், பஹ்ரைன், குவைத்தும் சில மணி நேரம் மூடின. யாருடைய தெருவிலும் எதுவும் விழாமலே நெடும்பாசேரி (கொச்சி), கரிப்பூர் (கோழிக்கோடு) விமான நிலையங்களில் பயணிகள் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாட்டில் என்ன நடந்தது என்பதைத் தலைப்புச் செய்தி சொல்கிறது. இன்று தன் கண்ணில் பட்டதை அங்கே இருப்பவர் சொல்கிறார். நிலைமை மாறினால் கிளம்ப வழி இருக்குமா, செலவை யார் ஏற்பார் என்று பயணம் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விக்கு இருவரிடமும் பதில் கிடையாது. அந்தப் பதில் ஊரின் இடத்திலும், வெளியேறும் வழியிலும், கையிலுள்ள காகிதங்களிலும் இருக்கிறது.

## "அது வேறு பக்கம்" எப்போது பொருந்தும்?

செய்தி நாட்டின் பெயரைச் சொல்கிறது. ஆபத்து ஓர் இடத்தில் நிற்கிறது. எனவே நாட்டின் அளவை முதலில் பார்க்க வேண்டும். சவூதியில் ஜித்தாவுக்கும் தம்மாமுக்கும் சாலைவழி 1,300 கிலோமீட்டருக்கு மேல். கிழக்கில் நடப்பது மேற்கே இருப்பவரின் அன்றாடத்தைத் தொடாமலே போகலாம். கத்தாரின் பரப்பு சுமார் 11,500 சதுர கிலோமீட்டர், அதாவது இரண்டரைப் பாலக்காடு மாவட்டம். பஹ்ரைன் முழுவதும் சேர்ந்தாலும் 800 சதுர கிலோமீட்டர் வராது. பாலக்காட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே "அது வேறு பக்கம்" என்ற பேச்சுக்குப் பொருள் குறைவு. வீடு தப்பினாலும் நாட்டுக்கு இருக்கும் ஒரே பெரிய விமான நிலையம் தப்பாது.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இஸ்ரேல் ஒரு கசப்பான பாடம். 2024 மார்ச் 4 அன்று லெபனான் எல்லையை ஒட்டிய மார்கலியோட்டில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்த கேரளத் தொழிலாளி ஒருவர் ஏவுகணைத் தாக்குதலில் இறந்தார். எல்லைப் பகுதிகளில் இருக்கும் இந்தியர்கள் பாதுகாப்பான உட்பகுதிக்கு நகருமாறு இந்தியத் தூதரகம் மறுநாள் கேட்டுக்கொண்டது. அதே நாளில் நாட்டின் நடுப்பகுதியில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருந்தவருக்கு அது வழக்கமான ஒரு நாள். அவர் வீட்டுக்குப் பேசும்போது "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தால் பொய்யாகாது. அதை நம்பி வடக்கு எல்லைத் தோட்டத்துக்கு ஆள் போயிருந்தால் பெரும் பிழையாகியிருக்கும்.

நம் நாட்டைப் பிறர் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்தாலும் இது விளங்கும். அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 முதல் எல்லா நாடுகளுக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுக்கிறது. 4 என்றால் "போகாதீர்கள்". இந்தியாவுக்குப் பொதுவாக 2 கொடுத்துவிட்டு, ஜம்மு காஷ்மீருக்கும் பாகிஸ்தான் எல்லையின் 10 கிலோமீட்டர் பட்டைக்கும் தனியாக 4 போடும் வழக்கம் உண்டு. எண்ணை மட்டும் பார்க்கும் வெளிநாட்டவர் பாலக்காட்டுக்கு வரவும் யோசிப்பார். அதே பக்கத்தில் கீழே உள்ள மாநிலவாரிப் பத்தியைப் படித்தால் தயக்கம் போய்விடும். வளைகுடா நாடுகளைப் பற்றிய அறிவிப்புகளையும் கீழ்ப்பத்தி வரை படிப்பதுதான் சரி.

## தூதரக அறிவிப்பின் சொற்கள்

இந்திய வெளியுறவு அமைச்சகம் எண் கொடுப்பதில்லை, வாக்கியங்களில்தான் பேசுகிறது. அந்த வாக்கியங்களுக்குள் ஒரு படிவரிசை இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருப்பது எந்த வாட்ஸ்அப் குரல் பதிவையும்விடப் பயன் தரும்.

1. "விழிப்பாக இருங்கள், உள்ளூர் அதிகாரிகள் சொல்வதைப் பின்பற்றுங்கள்." வாழ்க்கை வழக்கம்போல் நடக்கிறது. போகலாம், ஆனால் டிக்கெட்டை மாற்றக்கூடிய வகையில் எடுக்க வேண்டிய நேரம்.
2. "அவசியமற்ற பயணத்தைத் தவிருங்கள்." குடும்ப விசிட், சுற்றுலா இரண்டையும் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். வேலைக்குத் திரும்புவது இதில் அடங்குமா என்பது ஒவ்வொருவரும் கம்பெனியிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.
3. "தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்." ஆட்களைக் கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். ஒரு வேளை வெளியேற்ற வேண்டி வந்தால் எத்தனை பேர் என்ற கணக்கு.
4. "கிடைக்கும் விமானத்தில் வெளியேறுங்கள்." சாதாரண டிக்கெட்டில், சொந்தச் செலவில் கிளம்பக்கூடிய கடைசிக் கட்டம்.
5. "இருக்கும் இடத்திலேயே இருங்கள்." வழி அடைபட்டுவிட்டது.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில்தான் முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலானோர் ஐந்தில் விழித்துக்கொள்கிறார்கள். 2022 உக்ரைனில் நடந்தது இதுதான். தங்குவது அவசியமில்லாத இந்தியர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறலாம் என்று பிப்ரவரி 15 அன்று தூதரகம் சொன்னது. 20ஆம் தேதி மீண்டும் சொன்னது. ஆன்லைன் வகுப்பு பற்றிப் பல்கலைக்கழகம் உறுதி சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம் என்று 22ஆம் தேதி இன்னும் அழுத்திச் சொன்னது. 24ஆம் தேதி அதிகாலை போர் தொடங்கி வான்வெளி மூடியது. மாணவர்களை அழைத்துவரக் கீவ் நோக்கிப் போன ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் திரும்பியது. ஒன்பது நாள் இருந்தது. வருகைப் பதிவு போய்விடுமோ, கட்டிய பணம் வீணாகுமோ, இங்கே கடைகள் திறந்துதானே இருக்கின்றன என்ற மூன்று காரணங்களில் அது கழிந்தது. பிறகு இந்திய அரசின் மீட்பு நடவடிக்கையான ஆபரேஷன் கங்காவில் 18,000க்கும் மேற்பட்டோர் போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லைகளுக்குப் பனியில் நடந்தும் ரயிலேறியும் போய்த்தான் நாடு திரும்பினார்கள்.

மாணவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கண்ணெதிரே பால் வண்டி வரும் ஊரில் நாளைக்குப் போர் என்று யாராலும் எளிதில் நம்ப முடியாது.

## அங்கே இருப்பவர் சொல்: எதில் நம்பலாம், எதில் கூடாது?

கடை, பள்ளி, பேருந்து, பெட்ரோல் பங்க், சம்பளம் வந்த தேதி போன்றவற்றில் உள்ளூர்க்காரர் சொல்லை மிஞ்சிய ஆதாரம் இல்லை. எந்தச் செய்தி நிறுவனமும் அதைத் தராது. ஆனால் "பாதுகாப்பா?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் நான்கு காரணங்களால் வளைந்துவிடும்.

முதலாவது, பழக்கம். பத்து வருடம் இருந்தவர் முன்பு இரண்டு மூன்று பதற்றங்களைப் பார்த்து அவை அடங்கியதையும் பார்த்திருப்பார். இதுவும் அடங்கும் என்பது அவர் அனுபவம். அது வரப்போவதைச் சொல்லும் கணிப்பு ஆகாது.

இரண்டாவது, வீட்டுப் பாசம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்பதற்காகச் சொல்லும் "ஒண்ணுமில்லை" அது. மருமகனிடமோ நண்பனிடமோ தனியாகப் பேசும்போது வேறு பதில் வரும்.

மூன்றாவது, சட்டம். அமீரகத்தில் வதந்தி பரப்புவதற்கு எதிராக 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டம் கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. வளைகுடாவில் பொதுவாகவே தாக்குதல் இடத்தை வீடியோ எடுத்துப் பகிர்வது வழக்கில் முடியலாம். எனவே போட்டிம், இமோ போன்ற அழைப்புச் செயலிகளில் அவர் மழுப்பிப் பேசினால் அதைத் தோண்டிக் கேட்கக் கூடாது. "வீடியோ அனுப்பு" என்று ஒருபோதும் வற்புறுத்தக் கூடாது. அவருடைய வேலைக்கும் விசாவுக்கும் நாம் உலை வைத்ததாகிவிடும்.

நான்காவதுதான் பெரியது: பேசுகிறவர் யார்? நகரத்து அடுக்குமாடியில் குடும்பத்தோடு இருக்கும் கணக்காளர், தொழிற்பேட்டைக் கேம்பில் பத்துப் பேர் அறையில் இருக்கும் வெல்டர், அரபி வீட்டில் பாஸ்போர்ட் கைமாறிப்போன டிரைவர் ஆகிய மூவரும் ஒரே நாட்டில் இருந்தாலும் ஒரே ஆபத்தில் இல்லை. கணக்காளரின் "ஒண்ணுமில்லை" அவர் தெருவுக்கு மட்டுமே செல்லுபடியாகும்.

வெளிநாட்டில் நம்மவரைக் கொல்வது பெரும்பாலும் தலைப்பில் வரும் ஆபத்து அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். போர் இல்லை, ஏவுகணை இல்லை. தரைத்தளக் காவலாளி அறையில் மின்கசிவால் தொடங்கிய தீ. பலரைக் கொன்றது மேல்மாடிகளுக்கு ஏறிய புகை. அதற்கு முந்தைய நாள் "குவைத் பாதுகாப்பா?" என்று கேட்டிருந்தால் யாருமே தயங்காமல் ஆம் என்றிருப்பார்கள். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு, மொட்டைமாடிக் கதவு, ஓர் அறைக்கு எத்தனை ஆள் என்று கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆகவே போனில் கேட்க வேண்டியவை இவை:

1. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் பக்கத்தில் ராணுவத் தளம், எண்ணெய்க் கிடங்கு, துறைமுகம், விமான நிலையம் எது, எவ்வளவு தூரம்?
2. கேம்பில் இரண்டாவது வழி உண்டா? மொட்டைமாடிக் கதவு இரவில் பூட்டியிருக்குமா?
3. பாஸ்போர்ட் யார் கையில்?
4. கம்பெனியில் வெளிநாட்டு மேலாளர்கள் தங்கள் குடும்பத்தை அனுப்பிவிட்டார்களா? (இது பல அறிவிப்புகளைவிட முந்தி வரும் அறிகுறி.)
5. பள்ளி நேரில் நடக்கிறதா, ஆன்லைனுக்கு மாறிவிட்டதா?

## வழி அடைபடுவது எப்படி?

ஒரு நாட்டில் எதுவும் நடக்காமலே அங்கிருந்து கிளம்ப முடியாமல் போகலாம். கோவையிலிருந்து ஷார்ஜா வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவருக்கு ஷார்ஜா வான்வெளிதான் கதவு. அது மூடினால், போகும் நாடு எவ்வளவு அமைதியாக இருந்தும் பயன் இல்லை. போகும் வழியில் எந்த நாடுகளின் மேல் விமானம் பறக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிக்கெட்டில் தவறு நடக்கும் இடங்கள் தெளிவானவை.

விமான நிறுவனமே ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. போர், வான்வெளி மூடல் போன்ற காரணங்களுக்கு அதற்கு மேல் நஷ்டஈடு கிடையாது. விமானம் ஓடும்போதே பயந்து நாமே ரத்து செய்தால் வழக்கமான பிடித்தம் முழுவதும் விழும். பதற்ற நாட்களில் பல நிறுவனங்கள் தேதியை இலவசமாக மாற்ற அனுமதிக்கும் அறிவிப்பைத் தங்கள் இணையதளத்தில் போடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ரத்து பொத்தானை அழுத்த வேண்டும்.

கோவை–மும்பை ஒரு பி.என்.ஆர் (முன்பதிவு எண்), மும்பை–குவைத் இன்னொரு பி.என்.ஆர் என்று மலிவுக்காகப் பிரித்து எடுப்பது நம் பகுதியில் சகஜம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பல்ல. அமைதியான நாளில் இது சிக்கனம். பதற்றமான வாரத்தில் முழு டிக்கெட் இழப்பு.

இன்னொன்று அடிக்கடி நடக்கிறது, எளிதில் தவிர்க்கலாம். பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ உள்ள டிராவல்ஸ்காரர் டிக்கெட் போடும்போது தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுவார். நள்ளிரவில் விமானம் ரத்தான செய்தி அவர் போனுக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பயணி விடியற்காலையில் டாக்சி பிடித்து நெடும்பாசேரி போய் நிற்பார். டிக்கெட் கைக்கு வந்தவுடன் நிறுவனத்தின் செயலியில் பி.என்.ஆரைப் போட்டுத் தன் எண்ணைச் சேர்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

வானம் மூடினால் மீதி இருப்பது தரையும் கடலும். 2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் சண்டை வெடித்தபோது கார்ட்டூம் விமான நிலையமே முதல் நாள் போர்க்களம். ஆபரேஷன் காவேரியில் மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 800 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போர்ட் சூடான் போய், அங்கிருந்து கப்பலிலும் விமானப்படை விமானத்திலும் ஜித்தா சேர்ந்து ஊர் வந்தார்கள். பேருந்து வாடகை கேட்டபடி ஏறியது, வங்கியும் ஏ.டி.எம்மும் இயங்கவில்லை. இதனால்தான் இரண்டு வாரச் செலவுக்குப் பணத்தைச் சிறு நோட்டுகளாகவும் கொஞ்சம் டாலராகவும் கையில் வைக்கச் சொல்வது. பக்கத்து நாட்டுக்குள் நுழைய விசா வேண்டுமா என்பதையும் முன்பே பார்த்துவைக்க வேண்டும். சில வளைகுடா நாடுகள் குடியிருப்பு அட்டையில் எழுதியுள்ள தொழிலைப் பொறுத்தே பக்கத்து நாட்டில் குடியிருக்கும் வெளிநாட்டவருக்கு நுழைவு தருகின்றன. மேலாளருக்குத் திறக்கும் கதவு உதவியாளருக்குத் திறக்காமல் போகலாம்.

## கிளம்ப அனுமதி யாரிடம்?

பயந்து கிளம்பி வந்தபின் வேலைக்குத் திரும்ப முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. நாட்டுக்கு நாடு விதி வேறு.

சவூதியில் எக்ஸிட் ரீஎன்ட்ரி (போய்த் திரும்புவதற்கான விசா) இல்லாமல் ஊருக்குப் போய்வர முடியாது. 2021 மார்ச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தனியார் நிறுவனத் தொழிலாளி அதை அப்ஷர் என்ற அரசுச் செயலியில் தானே எடுக்கலாம். வீட்டு வேலை செய்பவர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் இதில் சேரவில்லை, கஃபீல்தான் (விசா கொடுத்த முதலாளி) தர வேண்டும். எடுத்த விசாவின் காலத்துக்குள் திரும்பாவிட்டால் மறுபடி வேலை விசா கிடைப்பது சிக்கலாகலாம். குவைத்தில் 2025 ஜூலை 1 முதல் தனியார் துறை வெளிநாட்டவருக்கு முதலாளியின் வெளியேறும் அனுமதி கட்டாயம். அமீரகத்தில் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரணக் குடியிருப்பு விசா செல்லாது. கத்தார் பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதியை 2018லும், வீட்டு வேலை செய்பவர் உள்ளிட்ட மற்றவருக்கு 2020லும் நீக்கிவிட்டது.

ஆகவே நிலைமை மோசமாகும் முன்பே விடுப்பை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். ஃபோர்மேன் வாயால் சொன்ன "போய்ட்டு வா" பிறகு "ஓடிப்போனான்" என்ற புகாராக மாறிய கதைகள் ஏராளம்.

## காப்பீடு எங்கே கைவிடும்?

சாதாரணப் பயணக் காப்பீட்டில் போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலவரம் விலக்குப் பட்டியலில் இருக்கும். பாலிசி வாங்கும் முன்பே செய்தியில் வந்துவிட்ட நிகழ்வால் வரும் இழப்பும் பெரும்பாலும் சேராது. அதாவது தலைப்பைப் பார்த்துப் பயந்து வாங்கும் பாலிசி, எந்தத் தலைப்புக்காக வாங்கினோமோ அதற்கு உதவாது. விசிட் விசாவில் வயதான பெற்றோரை அழைப்பவர்கள், போகக் கூடாது என்று அரசு சொன்ன இடத்தில் வரும் சாதாரண நோய்ச் செலவையாவது பாலிசி ஏற்குமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியகல்வு அனுமதி வேண்டும். அந்த வழியில் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு ரூ.275, மூன்று வருடத்துக்கு ரூ.375, அதன் மேல் வரி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ ரூ.10 லட்சம். வேலை மாறினாலும் பாலிசி செல்லும். இவ்வளவு சிறிய தொகைக்கு இது பெரிய காப்பு. ஆனால் பலர் இதை இழக்கிறார்கள். காரணம், "விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று அனுப்பும் ஏஜென்ட். அப்படிப் போனவர் வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசின் இமைகிரேட் (eMigrate) பதிவிலும் இல்லை, காப்பீட்டிலும் இல்லை. ஆட்களைக் கணக்கெடுக்கும் நாளில் அவர் அங்கே இருப்பதே அரசுக்குத் தெரியாது.

## எல்லையோர முகவரியின் சிக்கல்

தூதரகம் நாடு பார்க்கிறது. மாநிலம் முகவரி பார்க்கிறது. ஆபரேஷன் கங்காவில் டெல்லி வந்து இறங்கியவர்களை அங்கிருந்து ஊருக்கு அனுப்பும் வேலையைக் கேரளமும் தமிழ்நாடும் தனித்தனியாகச் செய்தன. மங்காஃபில் இறந்தவர்களின் உடல்கள் 2024 ஜூன் 14 அன்று நெடும்பாசேரிக்கு வந்தபோது இரு மாநில அமைச்சர்களும் அங்கே இருந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏழு பேரின் உடல்கள் அங்கிருந்தே ஆம்புலன்ஸில் தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டன. யார் எந்தப் பட்டியலில் என்பதைக் காகிதம்தான் தீர்மானிக்கிறது, பேசும் மொழி அல்ல.

கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்தில் வீடு, கோவையில் படித்தபோது எடுத்த பாஸ்போர்ட், ரேஷன் கார்டு கேரளம், மனைவியின் ஆதார் பொள்ளாச்சி என்ற நிலை இங்கே சாதாரணம். அவசர நாளில் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசுத் துறையான நோர்காவின் உதவி மையம் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தமிழ்நாட்டுக்குக் கை காட்டலாம். தமிழ்நாட்டு அயலகத் தமிழர் நலத் துறை ரேஷன் கார்டைப் பார்த்துக் கேரளத்துக்குக் கை காட்டலாம். இதைச் சரிசெய்ய நிதானமான நாட்களே ஏற்றவை:

1. பாஸ்போர்ட் முகவரியையும் ரேஷன் கார்டு முகவரியையும் ஒரே மாநிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். முகவரி மாற்றத்துக்குப் பாஸ்போர்ட் மறுவெளியீடு தேவை. ஊரில் லீவில் இருக்கும்போது செய்வது எளிது.
2. அந்த மாநிலத்தின் அட்டையை எடுக்க வேண்டும்: கேரளம் என்றால் நோர்காவின் பிரவாசி அடையாள அட்டை, தமிழ்நாடு என்றால் அயலகத் தமிழர் நல வாரிய உறுப்பினர் அட்டை.
3. பாஸ்போர்ட், விசாப் பக்கம், குடியிருப்பு அட்டை (இக்காமா அல்லது பத்தாகா), வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் படங்கள் வீட்டில் ஒருவர் போனில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கஃபீலிடம் சிக்கினாலும் தொலைந்தாலும் தூதரகம் ஒருவழி அவசரச் சான்றிதழ் தரும். நகல் இருந்தால் சரிபார்ப்பு விரைவாக முடியும்.
4. டிக்கெட்டுக்குப் பணமில்லாமல் தவிப்பவரை அனுப்பவும், இறந்தவர் உடலைக் கொண்டுவரவும் இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டிலிருப்பவர் வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) புகார் இணையதளத்தில் பதிவு செய்து வழக்கு எண் வாங்கிக்கொண்டால், நோர்காவிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ எம்.எல்.ஏ.விடமோ போகும்போது சொல்ல ஒரு எண் கையில் இருக்கும்.